வயிற்றில் விழுந்த கோடுகள்... எது மறையும்? எது மறையாது?

பிரசவம் ஆகி நாலைந்து மாதம் ஆகிவிட்டது. குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது. உங்கள் உடம்பும் ஓரளவு தேறிவிட்டது. ஆனால் குளிக்கும்போது கண் தானாக அடிவயிற்றுப் பக்கம் போகிறது. வெயிலில் வெடித்த வயல் மாதிரி வரிவரியாகக் கோடுகள்! ‘இது போகவே போகாதா?’ என்று ஒரு ஏக்கம்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு எண்ணெய் சொல்கிறார். தங்கை ஒரு க்ரீம் சொல்கிறாள். விளம்பரம் பார்த்தால் ‘ஒரே மாதத்தில் மாயம்’ என்கிறது. எதை நம்புவது?

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறோம். ஸ்ட்ரெட்ச் மார்க் என்கிற இந்தக் கோடுகளைச் சுத்தமாக அழித்துவிடும் மருந்தோ, மெஷினோ இதுவரை கிடையாது. ஆனால் மங்க வைக்க வழி இருக்கிறது. அதிலும் கோடு புதிதாக இருக்கும்போது ஆரம்பித்தால் பலன் அதிகம். இன்னொன்று, தப்பான களிம்பைத் தடவினால் இருக்கிற கோடு போகாததோடு புதுக் கோடும் விழும். இந்த மூன்றையும் புரிந்துகொண்டால் பணமும் மிச்சம், தோலும் தப்பிக்கும்.

தோலுக்குள் என்ன நடக்கிறது?

நம் தோலில் இரண்டு முக்கியமான அடுக்குகள். வெளியே தெரிவது மேல்தோல். அதற்கு அடியில் இருப்பது உள்தோல். இந்த உள்தோலில் இரண்டு வகை நார்கள் பின்னிக் கிடக்கின்றன. கொலாஜன் என்ற நார் தோலுக்கு உறுதி தருகிறது. எலாஸ்டின் என்ற நார், இழுத்துவிட்டால் பழையபடி சுருங்க வைக்கிறது. பாவாடையில் துணியும் எலாஸ்டிக்கும் சேர்ந்து இருக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மெதுவாக இழுத்தால் தோல் விட்டுக்கொடுக்கும். குறுகிய காலத்தில் வேகமாக இழுபட்டால், உள்ளே நார்கள் அறுந்துபோகும். அறுந்த இடத்தை உடம்பு தழும்பு போட்டு ஒட்டுகிறது. அந்தத் தழும்புதான் வெளியே கோடாகத் தெரிகிறது.

மேல்தோல் கிழிவதில்லை. அதனால் புண் இல்லை, ரத்தம் இல்லை. சேதம் முழுக்க உள்ளே! மேலே தடவுகிற எண்ணெய் ஏன் பலிப்பதில்லை என்பதற்குக் காரணமும் இதுதான். எண்ணெய் மேல்தோலை மிருதுவாக்கும். உள்ளே அறுந்த நாரை அதனால் நெய்ய முடியாது.

இழுபடுவது மட்டுமே காரணமும் இல்லை. கர்ப்ப காலத்திலும் வயசுக்கு வரும் பருவத்திலும் உடம்பில் நடக்கும் ஹார்மோன் மாற்றங்கள் இந்த நார்களைப் பலவீனமாக்குகின்றன. பரம்பரைக்கும் பங்கு உண்டு. உங்கள் அம்மாவுக்கு இந்தக் கோடுகள் இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். அதனால்தான் ஒரே அளவு எடை கூடிய இரண்டு பெண்களில் ஒருத்திக்கு வயிறு முழுக்கக் கோடு, இன்னொருத்திக்கு ஒன்றுமே இல்லை!

“வயித்தைச் சொறியாதடி, கோடு விழும்” என்று பாட்டிமார் அதட்டுவார்கள். பாவம், சொறிவதற்கும் கோட்டுக்கும் சம்பந்தமில்லை. தோல் இழுபடும்போது அரிப்பும் வருகிறது, கோடும் விழுகிறது. இரண்டும் ஒன்றாக வருவதால் ஒன்றுக்கு இன்னொன்று காரணம் என்று நினைத்துவிட்டார்கள். நகம் பட்டுப் புண்ணாகாமல் இருக்கச் சொறியாமல் இருப்பது நல்லதுதான்.

இன்னொரு குழப்பம். தொப்புளை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரே நேராக ஒரு கறுப்புக் கோடு கர்ப்பிணிகளுக்கு வரும். அது வேறு. நிறம் கூடுவதால் வருவது. பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் தானாகவே மங்கிவிடும். அதற்கு மருந்தே தேவையில்லை.

கோட்டின் நிறத்தைப் பாருங்கள்

சிகிச்சை பலிக்குமா பலிக்காதா என்பதைச் சொல்வது கோட்டின் நிறம்தான்.

புதுக் கோடு சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும். நம் ஊர் மாநிறத் தோலில் அது கரும்பழுப்பாகவும் தெரியலாம். தடவிப் பார்த்தால் லேசாக மேடாக இருக்கும். அரிக்கும். உள்ளே ரத்த ஓட்டம் அதிகம். தழும்பு இன்னும் ‘பச்சையாக’ இருக்கிறது என்று அர்த்தம்.

மாதங்கள் போகப் போக இது மங்கி, வெளுத்து, வெள்ளி மாதிரி மினுமினுக்கும். தொட்டால் லேசான பள்ளம் தெரியும். சிலருக்கு ஓராண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். இது முற்றிப்போன தழும்பு. ரத்த ஓட்டமும் குறைவு, நிறம் தருகிற செல்களின் வேலையும் குறைவு. இந்த நிலையில் சிகிச்சைக்குப் பலன் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

ஒரு நல்ல செய்தி. எதுவுமே செய்யாவிட்டாலும் பெரும்பாலான கோடுகள் நாளாவட்டத்தில் மங்கும். ‘அந்த க்ரீம் தடவினேன், குறைஞ்சுபோச்சு’ என்று சிலர் சொல்வதில் பாதிப் புகழ் காலத்துக்குச் சேர வேண்டியது!

கர்ப்பிணிகளுக்கு மட்டும்தானா?

இல்லை. கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்கு மேல், வளைகாப்பு நடக்கிற சமயத்தில் வயிற்றிலும் மார்பிலும் ஆரம்பிக்கும். மிகச் சின்ன வயதில் தாயாகிறவர்களுக்கும், எடை அதிகம் கூடியவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

வயசுக்கு வந்த பெண்ணுக்குத் தொடை, இடுப்பு, மார்பில் வரலாம். மடமடவென்று உயரும் பையனுக்கு முதுகின் கீழ்ப்பகுதியில் குறுக்குக் கோடுகளாக வரும். இதைப் பார்த்துவிட்டு, “ஸ்கூல்ல யாராவது அடிச்சாங்களாடா?” என்று பதறுகிற பெற்றோர் உண்டு. பிரம்படித் தழும்பு போலவே இருப்பதால் டாக்டர்களே சில சமயம் சந்தேகப்படுவார்கள். பையனைத் திட்டாமல், பயமுறுத்தாமல், பொறுமையாகக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் காட்டித் தெளிவு பெறுங்கள்.

சட்டென்று குண்டானவர்கள், ஜிம்முக்குப் போய்த் தோளையும் புஜத்தையும் வேகமாக ஏற்றுகிறவர்கள் ஆகியோருக்கும் இந்தக் கோடுகள் விழும்.

எண்ணெய் தடவித் தடுக்க முடியுமா?

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய், கோகோ வெண்ணெய்... இவற்றில் எதுவும் கோட்டைத் தடுத்ததாக ஆராய்ச்சிகள் நிரூபிக்கவில்லை. ஜமைக்காவில் 300 கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. சிலருக்குக் கோகோ வெண்ணெய் கலந்த க்ரீம், மற்றவர்களுக்கு அது கலக்காத வெறும் க்ரீம் கொடுத்தார்கள். கோடு விழுவதில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. மருத்துவ ஆய்வுகளை அலசித் தீர்ப்புச் சொல்கிற காக்ரேன் அமைப்பு, 800 பெண்கள் பங்கேற்ற 6 ஆய்வுகளை 2012-ல் ஒன்றாக எடுத்துப் பார்த்தது. ‘தடவும் மருந்துகள் தடுக்கின்றன என்று சொல்லத் தரமான ஆதாரம் இல்லை’ என்பதுதான் அதன் முடிவும்.

அப்படியானால் எண்ணெயைத் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டாம். வறட்சியும் அரிப்பும் குறையும். தேங்காய் எண்ணெயே போதும். ‘கர்ப்பிணிகளுக்கென்றே’ என்று போட்டு விற்கும் விலை உயர்ந்த பாட்டில் தேவையில்லை.

கோடு விழுமே என்று பயந்து சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. சாதாரண எடையுள்ள பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் 10 முதல் 12 கிலோ வரை கூடுவதை நம் ஊர் டாக்டர்கள் எதிர்பார்ப்பார்கள். அது குழந்தைக்கு வேண்டிய எடை. ஒரேயடியாக ஏறாமல் படிப்படியாக ஏறுகிறதா என்று மட்டும் செக்கப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னென்ன சிகிச்சைகள்?

ட்ரெட்டினாயின் க்ரீம்: வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. புதுக் கோட்டுக்கு மட்டுமே. 1996-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் 22 பேரிடம் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். 0.1 சதவிகித க்ரீமை 6 மாதம் தினமும் தடவியதில் கோட்டின் நீளம் சராசரியாக 14 சதவிகிதமும், அகலம் 8 சதவிகிதமும் குறைந்தன. அதாவது 10 சென்டிமீட்டர் கோடு 8.6 சென்டிமீட்டர் ஆனது. முன்னேற்றம்தான், மாயம் அல்ல! தடவிய இடம் சிவந்து, உரிந்து, எரியலாம். கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்குத் தயாராகிறவர்களும் இதைத் தொடக்கூடாது. தாய்ப்பால் கொடுக்கும்போதும் பெரும்பாலான டாக்டர்கள் தள்ளிப்போடச் சொல்வார்கள். ‘அதுக்குள்ள கோடு பழசாயிடுமே’ என்று கவலை வேண்டாம். பால் நிறுத்தும்போது கோட்டில் இன்னும் சிவப்போ ஊதாவோ இருந்தால் நேரம் கடந்துவிடவில்லை என்று அர்த்தம்.

ஹயலூரானிக் அமிலம், வல்லாரைச் சத்து கலந்த க்ரீம்கள்: சில சிறிய ஆய்வுகளில் புதுக் கோடுகளுக்கு ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். இதற்காக வல்லாரைத் துவையலை அரைத்து வயிற்றில் பூசவும் வேண்டாம். துவையல் சாதத்துக்கு!

மைக்ரோநீட்லிங்: நுண்ணிய ஊசிகளால் தோலில் சின்னச் சின்னத் துளைகள் போடுவார்கள். ‘இங்கே காயம்’ என்று நினைத்து உடம்பு புதுக் கொலாஜனைத் தயாரிக்கும். மரத்துப்போகும் க்ரீம் தடவிவிட்டுத்தான் செய்வார்கள். 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை எனப் பல சிட்டிங் தேவைப்படும். பழைய கோடுகளின் பள்ளத்துக்கும் இது ஓரளவு உதவுகிறது. சில வகை லேசர்களை விட இதில் கறுத்துப்போகும் ஆபத்து குறைவு என்பதால் நம் நிறத்துக்குப் பொருத்தம். ஆனால், ஊசி வைத்த ரோலரைக் கடையில் வாங்கி வீட்டிலேயே உருட்டுவது கூடாது. கிருமி தொற்றும், புதுத் தழும்பு வரும். அந்த ரோலரை அக்காவும் தங்கையும் மாற்றி மாற்றி உபயோகிப்பது இன்னும் ஆபத்து!

லேசர்: ‘லேசர்’ என்றால் ஒரே மெஷின் என்று நினைக்காதீர்கள். பல வகை உண்டு. பல்ஸ்டு டை லேசர் என்பது ரத்தக் குழாய்களைக் குறிவைப்பது. சிவந்த கோட்டுக்கு ஏற்றது. ஃப்ராக்ஷனல் லேசர் என்பது புதுக் கொலாஜனைத் தூண்டுவது. பழைய கோட்டிலும் கொஞ்சம் மாற்றம் தரும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் ஒரு சிக்கல், லேசர் பட்ட இடம் கறுத்துப்போகலாம். வெள்ளைக் கோடு இருந்த இடத்தில் கறுப்புப் பட்டை! பெரும்பாலும் சில மாதங்களில் தெளியும், சிலருக்கு இன்னும் நீடிக்கும். அதனால் முதலில் ஓரிடத்தில் சின்னதாகச் செய்து பார்த்துவிட்டுத் தொடர்கிற டாக்டரே நல்ல டாக்டர்.

எக்ஸைமர் என்ற 308 நானோமீட்டர் ஒளி: வெளுத்த கோட்டுக்கு நிறம் கொண்டுவர முயல்வது. பள்ளத்தைச் சரி செய்யாது. வந்த நிறமும் மங்கிவிடும் என்பதால் அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

ஆபரேஷன்: பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுத் தோல் மிகவும் தொங்கிப்போனால் அதிகப்படித் தோலை வெட்டி எடுக்கும் ஆபரேஷன் உண்டு. தொப்புளுக்குக் கீழே இருக்கும் கோடுகள் அந்தத் தோலோடு போய்விடும். கோட்டுக்காக மட்டும் யாரும் இதைச் செய்துகொள்ள வேண்டாம். அடிவயிற்றில் நீளமாக ஒரு ஆபரேஷன் தழும்பு நிற்கும்.

எலுமிச்சைச் சாறு, சோடா உப்பு, காபித்தூள் போட்டுத் தேய்ப்பது எல்லாம் வீண் வேலை. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுத்துப்போகும், ஜாக்கிரதை!

இந்தக் களிம்பைத் தொடாதீர்கள்!

இப்போது சொல்வதை வீட்டில் எல்லாரும் படியுங்கள். முக்கியமாகக் காலேஜ் போகிற பிள்ளைகள்.

தொடை இடுக்கில் படர்தாமரை வருகிறது. வெளியே சொல்ல வெட்கம். மெடிக்கல் ஷாப்பில் “அரிப்புக்கு ஏதாச்சும் ஆயின்மென்ட் குடுங்க” என்று கேட்டு வாங்கித் தடவுகிறார்கள். இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும். நிறுத்தினால் திரும்ப வரும். மறுபடி அதே ட்யூப். இப்படியே மாதக்கணக்கில் போகும்.

அந்த ட்யூபில் பெரும்பாலும் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், கூடவே கொலாஜனையும் அரிக்கும். தொடை இடுக்கும் அக்குளும் ஏற்கெனவே மெல்லிய தோல். விளைவு? சிவந்த, அகலமான கோடுகள் பட்டை பட்டையாக விழும். இவையும் ஸ்ட்ரெட்ச் மார்க்தான். முழுசாகப் போகாது. படர்தாமரையும் அடங்காமல் இன்னும் பரவும்.

இதே கதைதான் முகம் வெளுக்க விற்கும் சில க்ரீம்களிலும். ஸ்டீராய்டோடு ட்ரெட்டினாயினும் ஹைட்ரோகுயினோனும் கலந்தவை உண்டு. ‘முகத்துக்கு நல்லா இருந்துச்சே’ என்று வயிற்றுக் கோட்டில் பூசினால் தோல் இன்னும் மெலியும்.

2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. சட்டம் இருந்தும், கேட்டு வாங்குவது நின்றபாடில்லை. இன்றைக்கே உங்கள் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து ட்யூப்களின் பெயரைப் படித்துப் பாருங்கள். பெயரின் கடைசியில் ‘சோன்’, ‘சால்’ என்று வந்தால் சந்தேகப்பட்டு, டாக்டரிடமோ பார்மசிஸ்டிடமோ காட்டிக் கேளுங்கள். எல்லா ‘சால்’களும் ஸ்டீராய்டு அல்ல, ஆனாலும் கேட்பதில் நஷ்டமில்லை. டாக்டர் கொடுத்து நீங்கள் தடவிக்கொண்டிருக்கும் களிம்பாக இருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

சாதாரணமாக இந்தக் கோடுகளால் உடம்புக்கு எந்தத் தீங்கும் இல்லை. கீழே சொல்கிற அடையாளங்கள் இருந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

* கர்ப்பம் இல்லை, பெரிதாக எடை கூடவும் இல்லை. ஆனால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான கரு ஊதா நிறக் கோடுகள். கூடவே முகம் வட்டமாக உப்புவது, பிடரியில் கொழுப்பு சேர்வது, லேசாக இடித்தாலே கன்றிப்போவது, பிரஷர், சுகர். இது குஷிங் நோயாக இருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு வருவதுதான் அதிகம். ‘மூட்டு வலிக்கு, ஆஸ்துமாவுக்கு’ என்று லேபிள் இல்லாத பொடி வாங்கிச் சாப்பிட்டால் அதிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். இதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். தானாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

* மிக உயரமான, ஒல்லியான, கைவிரல்கள் நீண்ட பிள்ளைக்கு முதுகில், தோளில் கோடுகள் இருந்தால் ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். மார்ஃபான் என்ற பரம்பரைக் கோளாறாக இருந்தால் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

* கர்ப்பிணிக்குக் கோடுகளின் மேலேயே சிவந்த தடிப்புகள் வந்து அரித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தோலில் எதுவுமே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால், அதுவும் ராத்திரியில் அதிகம் அரித்தால், அன்றைக்கே பிரசவ டாக்டரைப் பாருங்கள். கல்லீரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறி அது. குழந்தையைப் பாதிக்கக்கூடியது.

பணம் கட்டுவதற்கு முன்னால்...

இதையெல்லாம் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

1. சிகிச்சை செய்யப்போவது யார்? தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமா படித்தவரா?

2. என் கோடு புதுசா, பழசா? எவ்வளவு குறையும் என்று எதிர்பார்க்கலாம்?

3. மொத்தம் எத்தனை சிட்டிங்? மொத்தச் செலவு எவ்வளவு? ஒரு சிட்டிங்கின் ரேட்டை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள்.

4. கறுத்துப்போனால் என்ன செய்வீர்கள்? முதலில் ஓரிடத்தில் செய்து பார்ப்பீர்களா?

5. ரத்தத்திலிருந்து எடுக்கும் பி.ஆர்.பி. போன்றவற்றைச் சேர்க்கச் சொன்னால், அதனால் எனக்கு என்ன கூடுதல் பலன்?

நீங்களும் சொல்ல வேண்டியவை உண்டு. கர்ப்பமாக இருக்கிறீர்களா, பால் கொடுக்கிறீர்களா, காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடம்பா, பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டீர்களா என்பதையெல்லாம் மறக்காமல் சொல்லுங்கள். ‘நூறு சதவிகிதம் போய்விடும், கேரண்டி’ என்று யாராவது சொன்னால் பர்ஸை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

தனியார் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. என்ன வகைக் கோடு, மருந்து தேவையா என்பதை அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சில சந்தேகங்கள்

இரண்டாவது குழந்தைக்கும் புதுக் கோடு வருமா?

வரலாம். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், செலவான லேசர் சிகிச்சையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

உடற்பயிற்சி செய்தால் போகுமா? உடம்பு இளைத்தால்?

பயிற்சி தசையைத்தான் இறுக்கும், தழும்பை அழிக்காது. இளைத்தாலும் கோடு இருக்கும். தோல் தளர்வதால் சிலருக்கு இன்னும் எடுப்பாகக்கூடத் தெரியும். ஆனால் நடைப்பயிற்சிக்கும் அளவான எடைக்கும் வேறு ஆயிரம் பலன் உண்டு, விட்டுவிடாதீர்கள்.

மேக்கப்பில் மறைக்கலாமா?

தாராளமாக. தோல் நிறத்துக்கு ஏற்ற, தண்ணீரில் கரையாத மேக்கப் கிடைக்கிறது. ஒரு கல்யாணத்துக்கோ விசேஷத்துக்கோ அது போதும். லேசருக்குக் கொட்டும் பணத்தில் சிறு பங்குதான் ஆகும்.

இந்தக் கோடுகளைக் குறைத்துக்கொள்ள ஆசைப்படுவதில் தப்பே இல்லை. “புள்ள பெத்தாச்சு, இனிமே எதுக்கு இதெல்லாம்?” என்று வீட்டில் யாரும் கேலி செய்ய வேண்டாம். அதேபோல், “எனக்கு இது ஒரு குறையாகவே தெரியலை” என்று ஒரு பெண் விட்டுவிட்டால், அதுவும் முழுக்கச் சரியான முடிவுதான். இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், பெயர் தெரியாத ஒரு ட்யூபை மட்டும் உங்கள் வீட்டுக்குள் நுழைய விடாதீர்கள்.